யார் சொன்னது

மூன்றாம் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்:
சோர்ஸ்.
பக்கத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு கேள்விக்குறி.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்.
கழிமுகத்தில் முன்பு கழுத்தளவு தண்ணீர்.
இப்போது முழங்கால்.
மிச்சமெல்லாம் சாம்பல்.
இதை ஆங்கிலத்தில் கரையேற்ற
ஒரு ராத்திரியும் அரை பாக்கெட் பிஸ்கட்டும் ஆயிற்று.

முதல் வருஷமே சொல்லிவிட்டார்கள், 'ஐ' போடாதே என்று.
ஆராய்ச்சியில் ஆள் தெரியக் கூடாதாம்.
தண்ணீர் சேகரிக்கப்பட்டது.
பாட்டில்கள் மூடப்பட்டன.
ஒரு செருப்பு சேற்றில் இழக்கப்பட்டது.
கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டார் பெர்னதெத் மேடம்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை.
போனேன் என்றால் போதும்,
நான் என்பது வினையின் வாலில் சுருண்டு கிடக்கும்.
இங்கே வாலை நறுக்கிவிட்டு
பல்லி எங்கே போயிற்று என்று
யாரும் கேட்பதில்லை.

சில சொற்கள் சீக்கிரம் படிந்தன.
தேர்ஃபோர் எங்கள் தெருக்காரன்:
அத்தொட்டு.
கேட் போட்டுட்டான், அத்தொட்டு லேட்டு.
கொருக்குப்பேட்டை கேட்டில் நாற்பது நிமிஷம் நின்றவனுக்குக்
காரண காரியம் தனியாக நடத்த வேண்டியதில்லை.

ஹவெவர்தான் மகிமைராஜுக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை.
இருந்தாலும்னு சொல்றதுக்கு
இன்னாத்துக்கு இவ்ளோ பல்லு வேலை என்பான்.
நாலாவது செமஸ்டரோடு நின்றுவிட்டான்.
போன வாரம் மணலி ரோட்டில்
கன்டெய்னர் லாரியின் ஜன்னலில் தலையை நீட்டி
ஊரே திரும்பும்படி என்னைக் கூப்பிட்டான்:
ஏய், ஹவெவர்!

தயங்குவதற்கும் ஒரு பாடம் இருந்தது.
இட் அப்பியர்ஸ் தட். இட் மே பி சஜெஸ்டட்.
எங்களுக்கு அதற்கு ஒரு சின்ன 'ஆம்' போதும்.
கேஸ் கசிந்ததாம்.
யாருக்கும் ஒன்றும் இல்லையாம்.
எவ்வளவு நம்பலாம் என்பது
சொல்கிறவர் புருவத்தில் இருக்கும்.
ஏ-ஃபோர் தாளுக்குப் புருவம் கிடையாது.

சோர்ஸ், தேசம்மா.
ஐம்பத்தோரு வயது. கையால் இறால் தடவுகிறவள்.
என் அம்மா.

குடும்பப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு இனிஷியல்
என்கிறது விதிப்புத்தகம்.
குடும்பப் பெயர் எங்களிடம் இல்லை.
இனிஷியல் ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் வேறொன்று.
வெளியான ஆண்டு?
தினமும் விடிகாலை மூன்று மணிக்கு வெளியாகிறாள்,
வாயில் கூடையைக் கவ்விக்கொண்டு.

கேட்டே விட்டேன்.
யம்மா, தண்ணி கழுத்தளவு இருந்துச்சுன்னு யாரு சொன்னா?
மீன் அலசிய கையை உதறினாள்.
இன்னாடி கேள்வி இது.
கழுத்து என்துதான?

நூலகத்தில் அந்தப் புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டினேன்.
ஒரு வழி வைத்திருந்தார்கள்.
பர்சனல் கம்யூனிகேஷன்.
நேரில் சொன்னதும் செல்லும்,
பெயரும் தேதியும் போட்டால் போதும்.
மின்விசிறி மட்டும் ஓடும் அறையில்
சத்தமாகச் சிரித்துத் தொலைத்தேன்.
அதற்கு அடுத்த வரி:
இவ்வகை ஆதாரங்கள் இறுதிப் பட்டியலில் இடம்பெறா.

இடம்பெறா என்றுதான் இருந்தது.
மூன்று தரம் படித்தேன்.

கட்டுரைக்குள் அவளை எழுதினேன்.
எம். தேசம்மா, நேர்ப்பேச்சு, டிசம்பர் ஒன்பது.
கடைசிப் பக்கத்தில் பதினான்கு பேர் அகரவரிசையில் நின்றார்கள்.
அதில் பாதிப் பேர் எண்ணூரைப் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.
'சி' முடிந்து 'ஈ' தொடங்கும் இடத்தில்
ஒரு வரி அளவுக்கு வெள்ளையாக விட்டுவைத்தேன்.

மேடம் கண்ணுக்கு அது தப்பவில்லை.
சிவப்பில் சுழித்திருந்தார்:
ஸ்பேசிங்.
அத்தொட்டு
அரை மார்க் போயிற்று.